ஒரு மகனா, இரண்டு மகன்மாரா?

அன்புள்ள மச்சான்,

இன்று தபாற்கந்தோரில் பக்கத்தில் நின்றவர் பசைப் போத்தலைத் திறந்தார். நம் பழைய கந்தோர்ப் பசையின் அதே புளித்த மணம் மூக்கில் ஏறியதும் முத்திரை வாங்காமலே வெளியே வந்துவிட்டேன். நீர் காலமாகி இரண்டு வருடம். "என்னப்பா?" என்று கேட்க ஆளில்லை.

அப்போது திருகோணமலைத் தபாற்கந்தோரில் உள்ளே நீர் தந்தி எடுப்பீர், கவுண்டரில் நான். அன்று செல்லம்மா நிலாவெளி பஸ்ஸில் வந்திருந்தார். கொழும்பில் ஒரே கடையில் வேலைசெய்த மகன்மார் இருவரிடமிருந்தும் கடிதமில்லை என்று விசாரிக்க. நீர் அப்போதுதான் எழுதித் தந்த தந்தி, அவர் பெயருக்கே, என் கையில் இருந்தது. 'சன்ஸ் ஃபியூனரல் டுமோறோ.'

"மகன்மாற்ற செத்தவீடு நாளைக்காம்," என்றேன்.

"ரெண்டு பேருமோ தம்பி?"

"ஓம் அம்மா."

அவர் கவுண்டர்ப் பலகையைப் பிடித்தபடியே சரிந்தார். நீர் ஓடி வந்தீர்.

"என்ன கதை சொன்னீர்? ஒரு மகன்ர எண்டாலும் 'சன்ஸ்'தான், ரெண்டு பேற்ற எண்டாலும் 'சன்ஸ்'தான். பிரிச்சுக் காட்ட எஸ்ஸுக்குப் பக்கத்தில மேல போடுற குறி தந்தியில வராது!"

உடனே கொழும்பில் அந்தக் கடைக்குத் தந்தியடித்தீர். இரண்டு மணித்தியாலம் கழித்து வந்த பதிலை நீரே அவருக்குச் சொன்னீர்.

"சின்னவன் சுகமாய் இருக்கிறான் அம்மா. பெரியவன்தான்..."

செல்லம்மா வாய்விட்டுச் சிரித்தார். "என்ர சின்னவன் இருக்கிறான்!" அடுத்த கணம் தன் வாயிலேயே அறைந்தார். "பெரியவன் செத்துக் கிடக்கிறான், நான் சிரிக்கிறன்." அறைந்துகொண்டே இருந்தார். நீர்தான் கையைப் பிடித்தீர். நான் கதிரையை விட்டு எழும்பவில்லை.

பின்னேரம் துறைமுகப் பக்கம் நடந்தபோது சொன்னீர்: "பிள்ளை எண்டு எழுதியிருந்தா இந்த வில்லங்கம் இல்லை. ஒண்டெண்டா சைல்ட், கனக்க எண்டா சில்ட்ரன். முந்தி கண்ணுக்கு ஐன், சப்பாத்துக்கு ஷூன் எண்டு கன சொல்லுக்கு அப்பிடி வேற முடிவு இருந்ததாம். பிறகு எல்லா இடத்தையும் இந்த எஸ் பிடிச்சிட்டுது. 'உடைய' எண்டதுக்கும் அதே எஸ். பிரிச்சுக் காட்டக் குறி போட்டதே பிந்தித்தான். பிழை உம்மில இல்லை மச்சான், அந்தப் பாஷையில."

நான் தலையாட்டினேன். நீர் அதை நம்பியே போய்விட்டீர்.

உண்மை இதுதான். அந்தக் குறி தந்தியில் வராதென்று எனக்கும் தெரியும். செல்லம்மா கேட்டபோதே சந்தேகம் வந்தது. பின்னால் வரிசையில் ஆட்கள் நின்றார்கள். 'தெரியாது' என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அதனால்தான் ஓம் என்றேன்.