இரண்டாவது சரணம்

12 ஜூன் 2025, வியாழன்

மொட்டைமாடி ரெக்கார்ட்ஸின் இந்த மாதச் செய்தி மடலை எழுதி முடித்தேன். எங்கள் நிறுவனத்தில் ஆள் இரண்டே பேர். ஒலிப்பதிவுக்கு தேவேந்திரன், மற்ற எல்லா வேலைக்கும் வாய்க்கும் நான். ஆனால் மடலைப் படிக்கிறவர்கள், இது பிள்ளையார்பாளையத்தில் ஒரு பட்டுக் கடைக்கு மேலே மொட்டைமாடியில், எதிரொலிக்காமல் இருக்கப் பழைய ஜமுக்காளம் தொங்கவிட்ட ஒற்றை அறை என்று நினைக்கவே மாட்டார்கள். அப்படி எழுதுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

நாளை மாலை ‘வெயில் தாழ’ பாட்டு வெளியாகிறது. பாடியது துர்காதேவி. டிவியில் வந்த குரல், எங்களிடம் வந்த முதல் பெரிய பெயர். ஒரே ஒரு சிக்கல். அவர் பாடிக் கொடுத்தது பல்லவியும் முதல் சரணமும்தான். தொண்டை கட்டிக்கொண்டு, இரண்டாவது சரணத்தில் மேலே போகிற வரி ஏறவில்லை. அதற்குள் சிங்கப்பூர் கச்சேரிக்கு விமானம். அந்த இடத்தில் இப்போது இருப்பது நஸ்னீன் பாடிய டிராக்.

பெரிய பாடகர் வருவதற்கு முன்னால், மெட்டைக் காட்டுவதற்கு வேறொருவரைப் பாடவைத்துப் பதிந்து வைப்பது எல்லா ஒலிப்பதிவுக் கூடத்திலும் உள்ள வழக்கம். பாடகர் வந்து பாடியதும் டிராக்கை அழித்துவிடுவோம். டிராக் பாடுகிறவர்களுக்குப் பெயர் போடுவதில்லை. நஸ்னீனுக்கு வேலை கீழே பட்டுக் கடையில். போன் முன்னால் நின்று ஆன்லைனில் புடவை காட்டி விற்கிறாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் மேலே வந்து டிராக் பாடிவிட்டுப் போவாள்.

“ரெண்டாவது சரணத்துக்கு அந்தப் பொண்ணு பேரப் போட்ரலாம்பா” என்றான் தேவா.

“மேடம் திரும்பி வந்ததும் பாடவெச்சி மாத்திடலாம். ஒரு மாசம்தானே. யாருக்குத் தெரியப்போவுது?”

இதைச் சொன்னது நான். தேதியை மடலில் தம்பட்டம் அடித்ததும் நான்தான்.

13 ஜூன், வெள்ளி

மாலை ஆறு மணிக்கு வெளியிட்டோம். குரல்: துர்காதேவி.

22 ஜூன், ஞாயிறு

எங்கே திரும்பினாலும் எங்கள் பாட்டு. ஸ்ரீபெரும்புதூர் பஸ்ஸில் பின்சீட்டுப் பெண் ஒருத்தி ரீல்ஸில் அதையே திரும்பத் திரும்ப ஓடவிட்டாள். ஷேர் ஆட்டோவில் கேட்டேன். இன்று காலை என் பெரியம்மா பெண்ணின் வாட்ஸப் ஸ்டேட்டஸில்கூட. எல்லாரும் எடுப்பது ஒரே இடம், இரண்டாவது சரணத்தின் கடைசி இரண்டு வரி. முதல் சரணத்தை ஒருத்தரும் சீண்டவில்லை.

மதியம் துர்காதேவி சிங்கப்பூரிலிருந்து பேசினார்.

“குமரகுரு, அந்த ரெண்டாவது சரணம் நான் பாடவே இல்லையே.”

“நீங்க வந்ததும் எடுத்துக்கலாம் மேடம்.”

“இங்க எல்லாரும் அதைத்தான் பாடச் சொல்றாங்க” என்றார். அப்புறம், “சரி விடுங்க. வந்து பேசிக்கலாம்” என்று வைத்துவிட்டார். அவருக்கும் எனக்கும் ஒரு உடன்பாடு ஆகிவிட்டது. இரண்டு பேரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

25 ஜூன், புதன்

சிறப்பு மடல் அனுப்பினேன். ‘துர்காதேவியின் குரல் இதுவரை தொடாத உயரம்.’ இந்த வரியை எழுதும்போது எனக்குக் கூச்சமாக இருந்ததா? இருந்தது. எழுதி முடித்து ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தவும் செய்தேன்.

தேவா படித்துவிட்டு டீ குடிக்கப் போனான். தினமும் என்னையும் கூப்பிடுவான்.

2 ஜூலை, புதன்

அக்பர் பாய் வந்தார். நஸ்னீனின் அப்பா. புடவையில் டிசைன் விழுவதற்குத் தறியில் மாட்டுகிற துளை அட்டைகளை அடித்துக் கொடுக்கிறவர். எங்கள் வீட்டுத் தறிக்கும் இருபது வருஷமாக அவர் அட்டைதான். படியேறி வந்ததில் மூச்சு வாங்கியது. தண்ணீர் கொடுத்தேன், குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

“குமரா, ஒண்ணு கேக்கணும். அந்தப் பாட்டுல ரெண்டாவதா வர்ற எடம் என் குரல்தான்னு நஸ்னீன் சொல்லிக்கினு இருக்குது. வீட்டுக்கு வர்றவங்களுக்கெல்லாம் போட்டுக் காட்டுது. எங்க அக்கா ரம்ஜான் பீ போன்ல பாத்துட்டு, வேற பொம்பளை பேரு போட்டிருக்குது, பொண்ணு பொய் பேசக் கத்துக்கிச்சின்னுட்டாங்க. நிச்சயம் பேசற நேரம்பா. நீ சொல்லு. அது என் பொண்ணு குரலா?”

தேவா அறையில் இல்லை. அவர் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்புதான் சென்னையிலிருந்து அழைப்பு வந்திருந்தது. ஆகஸ்டில் ஒரு இசை விழா, துர்காதேவிக்கு மேடை, எங்கள் பெயர் பேனரில்.

“இல்ல பாய். அவங்க டிராக் பாடினாங்க, அதை அழிச்சிட்டோம். கேக்க ஒரே மாதிரி இருக்கும். அதான் தப்பா நெனச்சிக்கினாங்க.”

எவ்வளவு சரளமாக வந்தது. ‘கேக்க ஒரே மாதிரி இருக்கும்’ — அந்த விளக்கத்தை என்னிடம் யார் கேட்டது?

“மயில்வாகனம் புள்ள சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றார். அப்பாவின் பெயரை அவர் சொன்னதும் ஒரு கணம் இருந்தது. அந்தக் கணத்தில் மாற்றிச் சொல்லியிருக்கலாம். அவர் தண்ணீரைக் குடித்துவிட்டு, டம்ளரைக் கழுவி வைக்க இடம் தேடினார். நான் வாங்கிக்கொண்டேன்.

3 ஜூலை, வியாழன்

ஏன்டா சொன்னே? வாயில வேற வார்த்தையே வரலையா?

8 ஜூலை, செவ்வாய்

தேவா கீழே கடைக்குப் போய் நஸ்னீனிடம் பேசிவிட்டு வந்தான். ஞாயிற்றுக்கிழமை ரம்ஜான் பீ வீட்டில் சொந்தக்காரர்கள் கூடியிருந்த நேரம். அக்பர் பாய் மகளை அழைத்துப் போய் எல்லார் எதிரிலும் நிறுத்தியிருக்கிறார். “பொய் சொல்லிட்டேன் பூப்பி, மன்னிச்சிடுங்க” என்று அவள் தன் அத்தையிடம் சொன்னாளாம். சொல்லும்வரை அவர் உட்காரவில்லையாம்.

“நீ என்னாப்பா சொன்ன அவர்கிட்ட?” என்றான் தேவா.

சொன்னேன். திட்டுவான் என்று பார்த்தேன். “பேரு போடலாம்னு ஒரு வாட்டி சொல்லிட்டு நானும் கம்முனுதானே கெடந்தேன்” என்று ஹெட்போனை மாட்டிக்கொண்டான்.

ஆறு நாளாக நான் பின்படியில்தான் ஏறி இறங்குகிறேன். முன்படி கடை வழியாகப் போகிறது. கடை முதலாளி ஏன் என்று கேட்டதற்கு முழங்காலில் வலி, அங்கே படி தாழ்வு என்றேன். இப்போதெல்லாம் எனக்கு யோசிக்கவே வேண்டியிருப்பதில்லை.

17 ஜூலை, வியாழன்

துர்காதேவி வந்துவிட்டார். ஒத்திகை பார்த்தோம். தொண்டை சரியாகிவிட்டது, ஆனாலும் அந்த வரி ஏறவில்லை. தொண்டை கட்டியதால் அல்ல, அது அவருடைய குரலுக்கான வரியே இல்லை. நாலு தடவை முயன்றுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“அந்தப் பொண்ணைக் கோரஸ்ல நிக்கவைங்க. அந்த எடம் வர்றப்ப அது பாடட்டும். நான் வாயசைச்சிக்கிறேன்.” தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அவரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஏனென்றால் நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. போனை எடுத்து நஸ்னீனைக் கூப்பிட்டேன். சென்னையில் கோரஸ், வருகிறாயாம்மா என்று கேட்டேன்.

“எங்க அப்பா உங்ககிட்ட வந்து கேட்டாங்களே அண்ணா. அன்னிக்கி என்னா சொன்னீங்க?”

கோரஸுக்கு எவ்வளவு பணம் என்று சொல்ல ஆரம்பித்தேன்.

“எனக்குத் தெரியும். இருந்தாலும் நீங்க சொல்லிக் கேக்கணும்னு இருந்துது” என்று வைத்துவிட்டாள்.

ச்சீ. எந்த மூஞ்சிய வெச்சிக்கினு கூப்பிட்டேன் நான்? அந்தப் பொண்ணு அழுதிருந்தாகூடப் பரவால்ல. ஆர்டர் எடுக்கற மாதிரி நிதானமா கேட்டுது. ஆம்பளையாட்டம் ஒரு பதில் சொல்லத் துப்பில்ல, இவன் செய்தி மடல் எழுதறானாம்.

19 ஜூலை, சனி

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அக்பர் பாய் கடைக்குப் போனேன். வழியெல்லாம் ஒரு பேச்சைத் தயார் செய்திருந்தேன். சூழ்நிலை, தேதி நெருக்கடி, தொழில் வழக்கம் என்று நன்றாகவே கோத்திருந்தேன். என்னைப் பார்த்ததும் அவர் அட்டை அடிக்கும் மெஷினை நிறுத்தி ஸ்டூலை இழுத்துப் போட்டார். அந்த ஸ்டூலில் என்னால் உட்கார முடியவில்லை.

“பாய், அன்னிக்கி நான் பொய் சொன்னேன். அது நஸ்னீன் குரல்தான்.”

வாத்தியம் சேர்க்காத மூலப் பதிவைப் போட்டேன். தொடக்கத்தில் அவள் தொண்டையைச் செருமுவது கேட்கும். “பாடட்டா தேவாண்ணா? கஸ்டமர் வந்துடுவாங்க” என்று ஒரு சிரிப்பு. அப்புறம் பாட்டு. அவர் கடைசிவரை கேட்டார்.

“திரும்பப் போடு.”

போட்டேன். இந்த முறை அந்தச் சிரிப்பு வந்த இடத்தில் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

என் கன்னத்தில் ஒரு அறை விட்டிருக்கலாம். நான் அதற்கும் தயாராகத்தான் போயிருந்தேன். “நாலு பேர் எதிர்ல அவள மன்னிப்புக் கேக்க வெச்சேன்” என்றார். “அது சொல்லச் சொல்ல நான் நம்பல. உன் வார்த்தைய எடுத்துக்கினேன்.”

எழுந்து ஷட்டரை இழுத்தார். சனிக்கிழமை, மணி பன்னிரண்டுகூட ஆகவில்லை.

“வீட்டுக்கு நானும் வந்து சொல்றேன் பாய்.”

“நீ வராத.”

21 ஜூலை, திங்கள்

நஸ்னீன் மேலே வந்தாள். தேவாவும் துர்காதேவியும் இருந்தார்கள். நான் தயாராக வைத்திருந்ததை எல்லாம் கொட்டினேன். இன்றைக்கே பெயரைப் போட்டுவிடுகிறேன், மடலில் படத்தோடு செய்தி, சென்னை மேடையும் உனக்கே. அவள் சந்தோஷப்படுவாள் என்றுகூட நினைத்தேன்.

“என் குரலை எடுத்துடுங்கண்ணா” என்றாள்.

“ஏம்மா, ஊரே பாடிக்கினு இருக்குதே” என்றான் தேவா.

“இப்ப பேரு போட்டா, அழுது வாங்கிக்கிச்சின்னு பேசுவாங்க. எனக்கு அந்தப் பாட்டு வேணாம். நான் பொய் சொல்லலன்னு தெரியணும், அவ்ளோதான். எடுத்துட்டு, ஏன் எடுத்தீங்கன்னு மடல்ல எழுதுங்க. எப்பவும் எழுதற மாதிரி ஜோடிச்சி எழுதாதீங்க.”

துர்காதேவி எழுந்து அவள் கையைப் பிடித்தார். நஸ்னீன் உதறவில்லை. ஆனால் லைவ் தொடங்க நேரமாகிறது என்று சொல்லிக் கையை எடுத்துக்கொண்டாள்.

22 ஜூலை, செவ்வாய்

சுருதியை இறக்கி துர்காதேவியே முழுப் பாட்டையும் பாடினார். சுமாராகத்தான் வந்தது. அவருக்கும் தெரியும். சென்னைக்காரர்களிடம் அவரே பேசி, இந்தப் பாட்டு பட்டியலில் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

மூலப் பதிவை ஒரு பென்டிரைவில் போட்டு நஸ்னீனிடம் கொடுக்கும்படி தேவாவிடம் தந்தேன். பழைய பாட்டை நீக்கும் பொத்தானை அவன் அழுத்தவில்லை. “நீயே அமுக்கு” என்றான். அமுக்கினேன். இந்த மொட்டைமாடியில் நாங்கள் பதிந்ததிலேயே நல்லது அதுதான்.

23 ஜூலை, புதன்

மடல். முதலில் ‘தவிர்க்க முடியாத காரணங்களால்’ என்று தொடங்கினேன். அழித்தேன். ‘தொழில்நுட்பக் குழப்பத்தால்’ என்று மாற்றினேன். த்தூ. அனுப்பியது இது:

‘வெயில் தாழ பாட்டின் இரண்டாவது சரணத்தைப் பாடியவர் நஸ்னீன். துர்காதேவி பாடியதாக நான் பெயர் போட்டேன். அது தன் மகள் குரலா என்று அவருடைய தந்தை நேரில் வந்து கேட்டபோது, இல்லை என்று பொய் சொன்னேன். நஸ்னீன் சொன்னது உண்மை. அவர் கேட்டுக்கொண்டபடி அவருடைய குரலை நீக்கிவிட்டோம். — ம. குமரகுரு.’

25 ஜூலை, வெள்ளி

நேற்று ரம்ஜான் பீ நஸ்னீன் வீட்டுக்கு வந்து அழுதுவிட்டுப் போனதாக தேவா சொன்னான். அப்பாவும் மகளும் பேச ஆரம்பித்துவிட்டார்களா என்று கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை. அக்பர் பாய் அந்த மடலை பிரிண்ட் எடுத்துக் கடைச் சுவரில் ஒட்டியிருக்கிறாராம், அட்டை வாங்க வருகிறவர்கள் கண்ணில் படுகிற மாதிரி.

அப்பா இன்று காலை புது டிசைனுக்கு அட்டை வாங்க அங்கே போனார். அவர் போவதற்குள் நானே சொல்லியிருக்க வேண்டும். இரண்டு நாள் இருந்தது, சொல்லவில்லை. மதியம் திரும்பி வந்தார். அட்டைக் கட்டைத் தறியருகே வைத்தார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

“சாப்ட்டியா?” என்றார்.

“சாப்ட்டேன்பா.”

என்னைத் தாண்டி உள்ளே பார்த்து அம்மாவிடம் கேட்டார், “இவன் சாப்ட்டானா?”

அம்மா ஆமாம் என்று சொன்ன பிறகுதான் கை கழுவப் போனார்.