வலது பெட்டி

இன்றைக்கும் ஹாலில் உங்கள் ஆம்ப்ளிஃபையர் சூடாகும் வாசனை. தூசி லேசாகக் கருகுகிற, எனக்கு ஒருபோதும் பிடிக்காத அதே வாசனை. நீங்கள் போன பிறகு அதை யாரும் தொடவில்லை. நேற்று நம் பாலு போட்டான். நடந்ததை உங்களிடம்தான் சொல்ல வேண்டும்.

பாலு ஹோம் தியேட்டர் வாங்கியிருக்கிறான். டிபன் டப்பா அளவில் ஐந்து ஸ்பீக்கர்கள். பேச்சு தெளிவாகக் கேட்கிறது. ஆனால் படத்தில் இடி இடித்தால் யாரோ தட்டைக் கீழே போட்டதுபோல் இருக்கிறது. கனத்த சத்தத்துக்கு சப்வூஃபர் என்று தனிப் பெட்டி வேண்டுமாம்.

"அதை எதுக்கும்மா வாங்கணும்? அப்பாவோட ஸ்பீக்கர் பெட்டி ரெண்டும் சும்மாதானே நிக்குது. அதையே சப்வூஃபரா போட்டுடலாம்."

"அப்போ பாட்டு, பேச்சு எல்லாம்?"

"அது சின்னதுல வரும். இதுல அடி சத்தம் மட்டும்."

எனக்கு அது பிடிக்கவில்லை. இடுப்பு உயரப் பெட்டிகள் இரண்டையும் இந்தச் சிட்லபாக்கம் வீட்டுக்கு நீங்கள் கொண்டுவந்த அன்று, "இது ஹாலா, பொதுக்கூட்ட மேடையா?" என்று கேட்டவள் நான்தான். ஆனாலும் வீணையும் தவிலும் மனிதக் குரலும் சேர்ந்து வந்த பெட்டிக்கு இனி உறுமல் மட்டுமே வேலை என்றால் அது பதவி இறக்கம். இருந்தும் சரி என்றேன். அவை நிற்கிற மூலையில் அலமாரி வைக்கலாம் என்று மருமகள் ஏற்கெனவே சொல்லியிருக்கிறாள். வேலை இல்லாவிட்டால் பெட்டிகள் வீட்டைவிட்டே போய்விடும்.

பம்மலிலிருந்து மெக்கானிக் வந்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி இணைப்புக் கொடுத்தார். படத்தில் இடி இடித்தது. பெட்டிகளிலிருந்து ஒன்றும் வரவில்லை.

"வூஃபர் போயிட்டுகீதும்மா. எத்தினி வருசத்துக்குத்தான் ஒழைக்கும்? நானே வண்டில ஏத்திக்கினு போயிடறேன், உங்களுக்கு எடமாவது மிச்சம்."

பாலு தலையாட்டத் தயாராக இருந்தான்.

"ஒண்ணை மட்டும் போடுங்க" என்றேன்.

இடது பெட்டி மட்டும் ஓடியபோது தரை அதிர்ந்தது. வலது மட்டும் ஓடியபோதும் அப்படியே. இரண்டும் சேர்ந்தால் சத்தம் காணாமல் போனது.

நீங்கள் சொன்னது நினைவுக்கு வந்தது. "ரெண்டு ஸ்பீக்கரோட கூம்பும் ஒரே நேரத்துல முன்னாடி வரணும். ஒண்ணு முன்னாடி, ஒண்ணு பின்னாடின்னா ஒண்ணை ஒண்ணு தின்னுடும். நாம ரெண்டு பேரும் பட்ஜெட் போடற மாதிரி." டார்ச் செல்லை வைத்து நீங்கள் சோதிப்பதைத் துணி மடித்தபடி எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

சுவர்க் கடிகாரத்தின் செல்லைக் கழற்றி வரும்படி பாலுவிடம் சொன்னேன்.

"ஷாக் அடிக்கப் போவுதும்மா" என்றார் மெக்கானிக்.

"ஒன்றரை வோல்ட்ல அடிக்காது."

பெட்டிகளின் முன்துணியை எடுத்துவிட்டுக் கம்பிகளைச் செல்லில் தொடவைத்தேன். இடது பெட்டியின் கூம்பு முன்னால் வந்தது. வலது பெட்டியில் அதே சிவப்புக் கம்பியை அதே முனையில் வைத்தேன். கூம்பு உள்ளே போனது.

"ஐய, உள்ள ஒயர் மாறிக்கீது சார். எவனோ மாத்தி பத்த வச்சிருக்கான்."

அந்த 'எவனோ' யார் என்று எனக்குத் தெரியும். பாலுவுக்கும் தெரியும்.

உங்கள் கண் ஆபரேஷனுக்கு முந்தைய மழைக்காலத்தில் வலது பெட்டியைத் திறந்து உட்கார்ந்தீர்கள். யாரையும் பக்கத்தில் விடவில்லை. மாலையில் கச்சேரி போட்டபோது, "மிருதங்கம் ஒல்லியா இருக்கே" என்றேன்.

"தப்புக் கண்டுபிடிச்சாச்சா, மிஸ்? பெட்டி சரியாத்தான் இருக்கு. உன் காதைப் போய்க் காட்டு."

காட்டினேன். காதில் குறையில்லை என்றார் தாம்பரம் டாக்டர். வந்து சொன்னதற்கு, "அவரையும் அவர் காதைக் காட்டச் சொல்லு" என்றீர்கள்.

ஆக, நான் சொன்னதுதான் சரி. உங்களோடு போட்ட வாதங்களில் சாட்சியோடு ஜெயித்தது இதுதான். ஒத்துக்கொள்ள வேண்டியவர்தான் இல்லை. கடைசிவரை அந்த ஒல்லி மிருதங்கத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்தீர்கள் என்று தோன்றியதும் ஜெயித்ததில் ருசி இல்லாமல் போனது.

மெக்கானிக் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். "தொறந்து சரி பண்ணிடறேன்."

"வேண்டாம். வெளியே கம்பியை மாத்திக் கொடுங்க, போதும்."

"சின்ன வேலதாம்மா. தப்பை ஏன் உள்ளயே வுடணும்?"

"இருக்கட்டும்."

பாலு என்னை விநோதமாகப் பார்த்தான். வீடு தேடி வருகிற கல்யாணப் பத்திரிகையில்கூடப் பிழை திருத்துகிற அம்மாவைத்தான் அவனுக்குத் தெரியும்.

கம்பியை மாற்றினார்கள். அடுத்த இடி நாற்காலிக் கைப்பிடிவரை வந்தது. பெட்டிகள் இனி எங்கும் போகாது. வலது பெட்டிக்குள், கண் சரியாகத் தெரியாமல் நீங்கள் பற்றவைத்த இரண்டு ஈயப் பொட்டுகள் இடம் மாறியபடியே இருக்கின்றன. தெரிந்தும் நான் திருத்தாமல் விட்டது அது ஒன்றுதான்.