மூக்கன் எடுத்த படம்

28 மார்ச் 2007

சினிமா டிக்கெட் கவுண்டரில் மானம் போனது. பிரெஞ்சுப் படத்தின் பெயர் நாக்கில் ஏறவில்லை. எடுத்தவனையாவது காட்டுவோம் என்று, என் மூக்கிலிருந்து விரலை இழுத்து இழுத்து நீட்டு மூக்கு காட்டினேன். கவுண்டரில் இருந்த பிள்ளை இரக்கப்பட்டு, மூக்குத் துடைக்கக் கடதாசி நீட்டினாள். நன்றி சொல்லித் துடைத்தேன். வேறென்ன செய்ய? பிறகு சுவரில் இருந்த போஸ்டரைத் தொட்டுக் காட்டி இரண்டு டிக்கெட் வாங்கினேன். எனக்கும் மகளுக்கும்.

ஈஸ்டருக்கு யதுர்ஷா வருகிறாள்.

30 மார்ச்

மூக்கன் என்பது அந்தப் படம் எடுத்தவனுக்கு அவள் வைத்த பெயர். ஈஸ்டர் வந்தால் இந்த நோர்வே நாடே டிவியில் கொலைக்கதையும் கையில் ஆரஞ்சுத் தோடம்பழமுமாகச் சோபாவில் கிடக்கும். நாங்களும் அப்படித்தான். அவளுக்குப் பதினொரு வயதில் டிவியில் ஒரு பிரெஞ்சு மர்மப் படம். மூக்கன் அப்போது சின்ன நடிகன். படத்தில் எல்லோரும் அவனைத்தான் சந்தேகப்படுகிறார்கள். "அவன் செய்யேல்லை அப்பா! முகத்தைப் பாருங்கோவன்!" என்று அழுதாள். அவன் செய்யவில்லைத்தான். இப்போது அவனே டைரக்டர்.

கீழே ஓடும் நோர்வேஜிய எழுத்தை அவள்தான் எனக்குத் தமிழில் வாசித்துச் சொல்வாள். என் வாசிப்பு, வந்த புதிதில் வேலை செய்த பாட்ஸ்பியோர்ட் மீன் தொழிற்சாலை அறிவிப்புப் பலகையோடு நின்றிருந்தது. கட்டில் காட்சி வந்தால், "காலநிலையைப் பற்றிக் கதைக்கினம்" என்பாள்.

அவள் பத்தாம் வகுப்புக்குப் போனபோது எனக்கே வாசிக்க வந்துவிட்டது. அந்த எழுத்துதான் என் பள்ளிக்கூடம். ஒருநாள் அவள் சொல்ல முன்னமே சிரித்துவிட்டு, இருமி மறைத்தேன். சொல்லியிருந்தால் பக்கத்தில் இருந்து வாசிப்பாளா?

மூக்கனை விட நான் நல்ல நடிகன்.

1 ஏப்ரல்

வந்துவிட்டாள். மெலிந்திருக்கிறாள்.

ஜூனில் படிப்பு முடிகிறது. பிறகு படிக்கிற துரொண்ட்ஹைமிலேயே நிற்பாளா, மோர்டென்ஸ்ருட்டுக்கு எங்களிடம் வருவாளா? என் மனைவி இந்திரா அவளின் அறைக்குப் புதுத் திரைச்சீலையே போட்டுவிட்டாள். கேட்க மட்டும் என்னைத் தள்ளுகிறாள். "நீங்கள்தானே அவளின்ர சிநேகிதன். கேளுங்கோவன்."

கேட்கவில்லை. தோடம்பழம் உரித்துக் கொடுத்தேன்.

3 ஏப்ரல்

படம் பார்த்தோம்.

"அப்பா, இஞ்சை வாசிச்சால் சனம் ஏசும்."

"மெல்லமா வாசி."

காதுக்குள் வாசித்தாள். முன்னால் இருந்தவர் திரும்பித் திரும்பி முறைத்தார். கொலை நடந்தது. பொலிஸ் பிழையான ஆளைத் துரத்தியது. மூக்கன் பழசை மறக்கவில்லை! கடைசியில், காணாமல் போன பெட்டை தகப்பனுக்குப் போன் எடுக்கிறாள். அழுகை இல்லை, பாட்டு இல்லை. முகம் மட்டும். நடித்தவன் எடுத்தால் அப்படித்தான் வரும் போல. கீழே எழுத்து: நான் இனி வீட்டுக்கு வரமாட்டேன், அப்பா.

யதுர்ஷா வாசிக்கவில்லை.

"என்னவாம்?" என்றேன்.

"பிந்தி வருவாளாம் அப்பா."

"ஓ."

முகத்தைப் பாருங்கோ என்று பழக்கியவள் அவள்தான். எனக்கு அவளைத் திரும்பிப் பாக்க ஏலாமல் போச்சு.

வீட்டில் சமைத்துக்கொண்டிருந்த இந்திரா என்னைக் குசினிக்குள் இழுத்தாள். "கேட்டனீங்களோ?"

"ஓம். பிந்தி வருவாளாம்."

4 ஏப்ரல்

வெளியே பனி. மூன்று பேரும் காலநிலையைப் பற்றிக் கதைக்கிறோம்.

10 ஜூன்

யதுர்ஷா போன் எடுத்தாள். அங்கேயே வேலை கிடைத்துவிட்டதாம். இந்திரா கதைத்து, அழுது, போனை என்னிடம் தந்தாள்.

"கோவமோ அப்பா?"

"உனக்கென்ன விசரே? வேலை கிடைச்சதுக்கு ஆரும் கோவிப்பினமோ?"

"ஈஸ்டருக்குக் கட்டாயம் வருவன். நான் இல்லாட்டி உங்களுக்கு ஆர் படம் வாசிக்கிறது?"

"அதுதானே. ஒருத்தரும் இல்லை" என்றேன்.

வாய்வரை வந்ததை இங்கே எழுதி வைக்கிறேன். எனக்கு வாசிக்கத் தெரியும் பிள்ளை. அண்டைக்குத் தியேட்டரிலயும் வாசிச்சனான்.