மேகம் இல்லாத வெள்ளிக்கிழமை

மார்ச் 4, செவ்வாய்

வலது காது இன்னும் அடைத்துக்கொண்டிருக்கிறது. ஹெட்செட் பழசு. புதிது கேட்டால் மேனேஜர் "பார்க்கலாம்" என்கிறார். எதைக் கேட்டாலும் அதே பதில், அதனால் எங்களுக்குள் அவர் பெயரே பார்க்கலாம் சார். ஆகாயத்திலிருந்து பார்த்துப் பிழைக்கிற கம்பெனிக்கு இதைவிடப் பொருத்தமான மேனேஜர் எங்கே கிடைப்பார்?

அத்தான் விமானத்தை ஓட்டுகிறார், பின் சீட்டில் நான் கேமராவைப் பார்த்துக்கொள்கிறேன். அக்காவைக் கட்டிக்கொண்டதோடு நிற்காமல் அவள் தங்கைக்கும் வேலை வாங்கிக் கொடுத்த மனுஷர். இன்றும் வழி முழுக்கப் பாடிக்கொண்டே வந்தார். சுருதியைத் தரையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்.

கடத்தல் படகுகளைத் தேடி, கடலுக்கு மேலே கோடு கிழித்த மாதிரி போவதும் வருவதும்தான் பிழைப்பு. ஏதோ ஒரு அரசுத் துறை எங்களை ஒப்பந்தத்துக்கு எடுத்திருக்கிறது. நாங்கள் பார்க்கிறதெல்லாம் அவர்களுக்குச் சொந்தமாம். கண் மட்டும் எங்களுடையது.

மார்ச் 14, வெள்ளி

தூக்கம் வரவில்லை. எழுதிவிட்டால் வருமோ என்னவோ.

மதியம், தெற்குக் கோட்டின் கடைசியில், ஒரு மீன்பிடிப் படகு. பின்னால் நுரை இல்லை, இன்ஜின் நின்றிருக்க வேண்டும். ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். ஆறு பேர். ஒருவர் வாளியால் தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தார். இன்னொருவர் நீலச் சட்டையைக் கழற்றித் தலைக்கு மேலே சுழற்றினார்.

"அத்தான், இவங்க மூழ்குறாங்க."

அவர் திரும்பித் திரையை எட்டிப் பார்த்தார். பாட்டு நின்றது. விமானத்தைச் சாய்த்து ஒரு வட்டம் போட்டார். கீழே அவர்கள் எங்களைக் கண்டுகொண்டார்கள். ஒருவரை ஒருவர் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். பிழைத்தோம் என்று நினைத்திருப்பார்கள்.

ரேடியோவில் கூப்பிட்டேன். அந்தப் பக்கம் பார்க்கலாம் சார்.

"கடத்தல் படகா?"

"இல்ல சார், மீன் படகு. தண்ணி ஏறிட்டு இருக்கு."

"இடத்தைக் குடுங்க, நாங்க சொல்லிக்கிறோம். நீங்க உங்க கோட்டுக்குத் திரும்புங்க."

"ஆள் வர்ற வரைக்கும் மேல சுத்திட்டு இருக்கோமே சார்?"

"அது நம்ம வேலை இல்ல."

அத்தான் கோட்டுக்குத் திரும்பினார். நான் கேமராவைத் திருப்பவில்லை. சட்டையைச் சுழற்றிக்கொண்டிருந்தவர் கையை இறக்கியதைப் பார்த்தேன். அவ்வளவு தூரத்திலிருந்தும் தெரிந்தது. நல்ல கேமரா.

இறங்கியதும் பார்க்கலாம் சாரிடம் ஓடிப்போய்க் கேட்டேன். "சொல்லியாச்சும்மா. சம்பந்தப்பட்டவங்களுக்குத் தகவல் போயிடுச்சு" என்றார். நிம்மதியாக வீட்டுக்கு வந்தேன். நிம்மதி என்றால், அப்படி ஒன்றை நானே சொல்லிக்கொண்டேன்.

மார்ச் 15, சனி

செய்தியில் ஒன்றும் இல்லை. காப்பாற்றிவிட்டால் செய்தி ஆகாதோ?

மார்ச் 18, செவ்வாய்

மூன்று உடல்கள் கரை ஒதுங்கியிருக்கின்றன. இரண்டு பேரைக் காணவில்லை. பிளாஸ்டிக் கேனைக் கட்டிக்கொண்டு மிதந்த ஒருவரை வேறொரு படகு தூக்கியிருக்கிறது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து அவர் டிவியில் சொன்னார்: "ஒரு விமானம் வந்துச்சு. எங்களை ஒரு சுத்து சுத்திப் பாத்துச்சு. அப்புறம் போயிடுச்சு."

டிவியை அணைத்தேன்.

பார்க்கலாம் சாரிடம் போய் நின்றேன். சம்பந்தப்பட்டவர்கள் என்றால் எங்களை ஒப்பந்தத்துக்கு எடுத்த அலுவலகமாம். மின்னஞ்சல் அனுப்பினாராம். வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் அங்கே யாரும் இருப்பதில்லையாம். திங்கட்கிழமை வந்து திறந்து பார்த்திருக்கிறார்கள்.

"மீட்புப் படைக்கு ஏன் சார் சொல்லல?"

"நாம பாக்குறது வாடிக்கையாளரோட சொத்தும்மா. மூணாவது ஆளுக்குக் குடுக்கக் கூடாது. ஒப்பந்தத்துல இருக்கு."

மூணாவது ஆள். அப்படியென்றால் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தவர் எத்தனையாவது ஆள்?

மார்ச் 28, வெள்ளி

வெளியிலிருந்து விருந்தாளிகள். எங்கள் சேவையை வாங்க வந்தவர்கள். விமானம் நிறுத்துகிற ஹேங்கரில் நாற்காலி போட்டு, பெரிய திரை கட்டி, குளிர்பானம் கொடுத்து, படம் காட்டினார்கள். துறைமுகம், லாரி வரிசை, காட்டுத் தீ. பிறகு கடல். பிறகு அந்தப் படகு.

பார்க்கலாம் சார் குச்சியால் தொட்டுக் காட்டினார். "இந்த உயரத்துல இருந்து சட்டை கலர் தெரியுது பாருங்க."

கை தட்டினார்கள். அத்தான் கடைசி வரிசையில் நின்றிருந்தார். தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏப்ரல் 9, புதன்

இறந்தவர்களின் குடும்பங்கள் கேட்டுக் கேட்டு, கடைசியில் விசாரணை வைத்துவிட்டார்கள். இன்று காலை கம்பெனியின் விளம்பரப் படத்தில் கடலே இல்லை. துறைமுகம், லாரி, காட்டுத் தீ — அவ்வளவுதான். படகைக் கண்ட அன்றைய பதிவைத் தேடினேன். அதுவும் இல்லை.

அன்றைக்கு மேகமாம், கீழே ஒன்றும் தெரியவில்லையாம். எல்லோரும் மேகம் என்கிறார்கள். டீ கொண்டுவருகிறவர் வரைக்கும் மேகம் என்கிறார்.

ஏப்ரல் 20, ஞாயிறு

அக்கா வீட்டில் சாப்பாடு. அக்கா, மகளுக்குக் கவுன் தைத்துக்கொண்டிருந்தாள். அத்தான் சமையலறைக் குழாயைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"விசாரணையில என்ன சொல்லப் போறீங்க?"

"என்ன சொல்லச் சொல்ற?"

"பாத்ததை."

குழாயை முறுக்கிக்கொண்டே இருந்தார். "எனக்கு இனிமே வேற எவன் விமானம் குடுப்பான்? இந்த வயசுல போய் எங்க நிப்பேன்? நாம சொல்லித்தான் வச்சோம். சொல்லியும் அவங்க அனுப்பல. நம்ம மேல என்ன தப்பு?"

"அப்போ அதையே சொல்லுங்களேன் அத்தான். சொன்னோம், அனுப்பலன்னு."

குழாய் ஒழுகிக்கொண்டேதான் இருந்தது. கிளம்பும்போது அக்கா வாசல் வரை வந்தாள். "அவரோட ஒத்துப் போயிடுடீ. எனக்காக" என்றாள். அவளுக்கு எதுவும் தெரியாது. மேகம் என்றுதான் அவளிடமும் சொல்லியிருக்கிறார்.

மே 5, திங்கள்

விசாரணை அறையில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம், அத்தானும் நானும். நடுவில் அவருடைய தொப்பி.

முதலில் அவரைக் கேட்டார்கள். மென்று முழுங்கினார். "மேகம் சார். கீழ ஒண்ணும் தெரியல. படகுன்னு நினைச்சுச் சொன்னோம், உறுதியாத் தெரியல."

அடுத்து நான். "தெரிஞ்சது சார். ஆறு பேர். ஒருத்தர் நீலச் சட்டையைக் கழட்டிச் சுத்தினாரு." அறையின் பின்பக்கத்தில் ஒரு பெண் ஐயோ என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

கம்பெனி வக்கீல் எழுந்தார். மெதுவாகத்தான் பேசினார். "ஹெட்செட் தரலைன்னு மேனேஜரோட உங்களுக்கு மனஸ்தாபம், இல்லையா?"

என் காதைக் கொண்டுபோய் எங்கே முடிச்சுப் போடுகிறான் பார்!

நான் கேட்டேன், "பிழைச்சவர் எங்களைப் பாத்தேன்னு சொல்றாரே சார். நடுவுல மேகம் இருந்தா அவரு எப்படிப் பாத்திருப்பாரு?"

விசாரணை அதிகாரி தண்ணீர் குடித்தார். சாப்பாட்டு இடைவேளை என்றார். திரும்பி வந்தபோது வேறு ஏதோ பேசினார்கள்.

மே 6, செவ்வாய்

என் அடையாள அட்டைக்குக் கம்பெனிக் கதவு திறக்கவில்லை. வாசல் காவலாளி ஷூ நாடாவைக் கட்டுவது போல் குனிந்துகொண்டார்.

மே 11, ஞாயிறு

அக்காதான் கூப்பிட்டாள். "என் அடுப்புல தண்ணி ஊத்தப் பாத்தியேடீ. உனக்கு அவரு என்ன குறை வச்சாரு?" நான் வாய் திறப்பதற்குள் போனை வைத்துவிட்டாள். மறுபடி மறுபடி கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

மே 29, வியாழன்

விசாரணையில் வாயைப் பொத்திக்கொண்ட பெண், என் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தாள். ஐஸ் ஃபேக்டரியில் வேலை. கை விரல்களெல்லாம் வெடித்திருந்தன. நீலச் சட்டை அவள் கணவன். இன்னும் உடல் கிடைக்கவில்லை.

"நீங்க ஒருத்தர்தான் பாத்தேன்னு சொன்னீங்க. அதான் வந்தேன். பயந்து போயிருந்தாரா?"

"இல்லம்மா. எங்க விமானத்தைப் பாத்ததும் எல்லாரும் கட்டிப் பிடிச்சுக்கிட்டாங்க" என்று ஆரம்பித்து, எங்க விமானம் என்று சொன்னது எனக்கே உறைத்து, நிறுத்திவிட்டேன்.

அவள் அழவில்லை. தண்ணீர் கொடுத்தேன், குடித்தாள். செருப்பைப் போட்டுக்கொண்டே கேட்டாள்: "இறங்கினதும் நீங்களே ஒரு போன் போட்டிருக்கலாமே?"

சண்டைக்கு இழுக்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.  சொல்லியாச்சு என்றார்கள், நம்பினேன் — இதைப் போய் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியுமா? மீட்புப் படையின் எண் ஹேங்கர் சுவரிலேயே ஒட்டியிருந்தது. தினமும் அதைத் தாண்டித்தான் சாப்பிடப் போவோம்.

ஜூன் 24, செவ்வாய்

முடிவு வந்துவிட்டது. வானிலை காரணம். யார் மீதும் குற்றம் இல்லை. இனிமேல் ஆபத்தில் இருப்பவர்களைக் கண்டால் நேராக மீட்புப் படைக்குச் சொல்ல வேண்டுமாம். அதற்கு ஒரு தனி ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள். யாரோடு? எங்கள் கம்பெனியோடுதான். ஆள் செத்தால் இவர்களுக்குக் கூடுதல் ஒப்பந்தம். பெரிய விமானம் வருகிறதாம். அத்தான் தலைமை விமானியாம்.

எனக்கு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை கிடைத்திருக்கிறது. சுவரில் எழுத்தைக் காட்டி, தெரியுதா, இப்போ தெரியுதா என்று கேட்க வேண்டும். சிரிக்கலாம் என்று பார்த்தேன், வரவில்லை.

ஜூலை 12, சனி

காலையில் கதவைத் தட்டியது அக்கா. பின்னால் மகள். வாசலில் ஒரு வேன்.

"ரெண்டு நாள் இருந்துட்டுப் போறேன்" என்றாள். வேன்காரர் தையல் மிஷினைத் தூக்கிக்கொண்டு வந்தார். பிறகு இரண்டு பெட்டிகள், ஒரு மெத்தை. எங்கே வைப்பது என்று கேட்டார். அக்கா என்னைப் பார்த்தாள். ஜன்னல் பக்கம் என்றேன்.

சமைக்கும்போதுதான் சொன்னாள். புது விமானத்தை முதல் தடவை ஓட்டிவிட்டு வந்த அன்று அத்தான் அவளை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். மேகம் இல்லை, நன்றாகத் தெரிந்தது, உன் தங்கை சொன்னதுதான் நிஜம் என்று.

"விசாரணை அதிகாரிகிட்ட போய்ச் சொல்லுங்கன்னேன். முடிஞ்சதை எதுக்குக் கிளறணும், உன்கிட்ட சொன்னதும் பாரம் குறைஞ்சுடுச்சுன்னாரு. அன்னைக்கு நல்லாத் தூங்கினாருடீ." வெங்காயத்தை நறுக்கிக்கொண்டே இருந்தாள். "குறட்டை விட்டுத் தூங்கினாரு."

வெங்காயத்தை வாங்கி வாணலியில் போட்டேன். அவள் என்னிடம் மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும்.

மகள் வந்து, பள்ளிக்கூடப் பையை எங்கே மாட்டுவது என்று கேட்டாள். ஆணி எதுவும் இல்லை. பக்கத்து வீட்டில் சுத்தியல் கேட்கப் போகிறேன்.