திங்கட்கிழமை போடப்போகும் கையெழுத்து

கடலூர்,
வெள்ளிக்கிழமை, மத்தியானம்.

அன்பு மகள் திலகவதிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் தம்பி சுரேந்தரும் அவன் பெண்டாட்டியும் உடம்புக்கு ஒன்றும் குறைவில்லாமல் இருக்கிறோம், கடல் தாண்டி இருக்கிற நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, காய்ச்சல் தலைவலி அண்டாமல் இருக்க வேண்டும் என்று நம் எல்லையம்மனைக் கும்பிட்டுவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். என்னடா இது, தினமும் போனில் முகம் பார்த்துப் பேசுகிற அம்மா கடுதாசி எழுதுகிறாளே என்று சிரிப்பாய், சிரித்துக்கொள். போனில் என்றால் நீ முந்திக்கொள்வாய், நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் நீ பத்து சொல்வாய், அதுவும் நேற்று நீ இருந்த கோபத்துக்கு உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு இதை என்னால் சொல்ல முடியாது. அதனால் எழுதி, சிதம்பரத்து வாடிக்கைக்காரர்களுக்கு மீனைப் படம் பிடித்து அனுப்புகிற மாதிரி ஒவ்வொரு பக்கமாகப் பிடித்து அனுப்புகிறேன். பக்கத்துக்கு நம்பர் போட்டிருக்கிறேன். கடைசிப் பக்கத்தை முதலில் படிக்காதே, உனக்கு அந்தக் கெட்ட பழக்கம் உண்டு.

மீன்பிடித் தடைக்காலம் முடிந்து மூன்று வாரமாகத் துறைமுகத்தில் மீன் நன்றாக விழுகிறது, சங்கரா பெரிசு பெரிசாக வருகிறது. ஆனால் சிதம்பரத்தில் ஆனித் திருமஞ்சனம், தேர் கட்டிக்கொண்டிருக்கிறார்கள், கோயிலைச் சுற்றி நாலு வீதியிலும் மீன் என்று வாயைத் திறக்க முடியவில்லை, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் விற்றுவிட்டுத் திரும்பிவிடுகிறேன். உன் தம்பி பெண்டாட்டிக்கு ஆறாம் மாசம், கால் கொஞ்சம் வீங்குகிறது, உப்பைக் குறை என்றால் கருவாட்டை ஒளித்து வைத்துத் தின்கிறாள், திட்டவும் மனசு வரவில்லை. சுரேந்தர் நம் பங்காளிகள் படகில்தான் போய் வருகிறான், பிள்ளை பிறப்பதற்குள் சொந்தமாக ஒரு படகு என்கிறான், பார்ப்போம்.

இதெல்லாம் கிடக்கட்டும். நேற்று நீ சொன்னதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நீ சொன்னதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா பார். அறுபது வீடு இருக்கிற அந்த மீன்காரக் கிராமத்தில் இருபத்திரண்டு பெண்களைச் சேர்த்து, பதினோரு மாசம் பாடுபட்டு, மழையிலும் கருவாடு காயவைக்கிற மாதிரி பிளாஸ்டிக் கூடாரம் போட்டாய். செவ்வாய்க்கிழமை யாரோ அதைக் கத்தியால் கிழித்துவிட்டார்கள், சாயங்காலம் பிடித்த மழையில் உள்ளே இருந்த மீன் எல்லாம் நாறிப்போயிற்று. மணிலா ஆபீசில் இருக்கிற உன் பெரியவர், திங்கட்கிழமை காலை போலீஸில் பேர் சொல்லி எழுதிக் கொடுத்துக் கையெழுத்துப் போடு, இல்லாவிட்டால் திட்டத்தையே மூடிவிடுவோம் என்கிறார். நீ ராபர்ட் என்று ஒரு ஆள் பேரைச் சொல்கிறாய். ஏன் அவன் என்று கேட்டதற்கு, முதல் நாள் கூட்டத்தில் கத்தினவன் அவன்தான், அன்றைக்குக் கத்தியோடு அந்தப் பக்கம் போனதைப் பார்த்திருக்கிறார்கள், வேற யாரும்மா செய்வாங்க என்று என்மேலேயே எரிந்து விழுந்தாய். ஏண்டி, மீன் பிடிக்கிறவன் கையில் கத்தி இல்லாமல் பூவா இருக்கும்? நீ கையெழுத்துப் போட்டால் அவனைக் கொண்டுபோய் உள்ளே வைப்பார்கள், மூன்று பிள்ளை இருக்கிறது என்று நீயேதான் சொன்னாய்.

நான் ஒன்று கேட்கிறேன், கோபப்படாமல் யோசி. அந்த இருபத்திரண்டு பேர் பட்டியலை நீ எத்தனை மணிக்கு எடுத்தாய்? போன வருஷம் நீ வந்திருந்தபோது படம் காட்டினாயே, நல்ல வெயிலில் எல்லோரும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள், காலை பத்து மணிக் கூட்டம் என்றாய். ராபர்ட் பெண்டாட்டியைப் பற்றிக் கேட்டதற்கு, அவ விடியக்காலையே ஜீப் ஏறி டவுன் சந்தைக்குப் போயிடுவா, கூட்டத்துக்கே வர்றதில்ல, ஆர்வமே இல்ல என்றாய். ஆர்வம் இல்லையா? மீன்கூடையை வைத்துக்கொண்டு சந்தையில் உட்கார்ந்திருக்கிறவள் பத்து மணிக்கு உன் நாற்காலிக்கு எப்படி வருவாள்? இதைப் படித்த பிள்ளை, அதுவும் மீன்காரி வயிற்றில் பிறந்த பிள்ளை, நீ எப்படி யோசிக்காமல் போனாய்?

திலகா, இப்போது சொல்லப்போவதை உன் அப்பாகூடத் தெரிந்துகொள்ளாமலேதான் போய்ச் சேர்ந்தார். சுனாமிக்கு மறுவருஷம் புரட்டாசியில் நம் குப்பத்தில் கோயிலுக்குப் பின்னால் இதே மாதிரி ஒரு கூடாரம் கிழிந்தது, உனக்கு ஒன்பது வயது, ஞாபகம் இருக்கும். கிழித்தது தாண்டவராயன் என்று கேட்டுத்தான் நீ வளர்ந்தாய். அவர் இல்லை. நான்தான் கிழித்தேன்.

வெளியூரிலிருந்து வந்த தொண்டு நிறுவனம் போட்டது அது, பேர்கூட எனக்கு மறந்துவிட்டது. பட்டியல் எடுக்க இரண்டு அம்மாக்கள் காலை பத்து மணிக்கு வந்தார்கள், அந்த நேரத்தில் நான் சிதம்பரத்தில் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு தெருத் தெருவாகக் கூவிக்கொண்டிருந்தேன். வீட்டில் இருந்தவர்கள் பேர் ஏறியது, விற்கப் போனவர்கள் பேர் ஏறவில்லை, ஏறியது மொத்தம் பதினைந்து பேர். ஊருக்கு என்று எது வந்தாலும் தலைக்கட்டுக்குத் தலைக்கட்டு, வீட்டுக்கு வீடு பங்கு என்பதுதான் நம் வழக்கம். அதைத்தான் தாண்டவராயன் அண்ணன் கூட்டத்தில் எழுந்து கேட்டார். குடுத்தா ஊருக்கே குடு, வெயில்ல கூடை சுமக்கிற பொம்பளைங்க பேரு எங்க, இல்லன்னா கூடாரத்தை நானே கிழிச்சுப் போடுவேன் என்று கத்தினார். குடித்துவிட்டுப் பேசுகிறான் என்று உட்கார வைத்துவிட்டார்கள். அவர் எனக்காகத்தான் கத்தினார், நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் புரட்டாசி சனிக்கிழமை. சிதம்பரத்தில் ஒரு வீட்டில்கூட மீன் வாங்கவில்லை, கூடையில் அத்தனையும் கெட்டுப்போய் மத்தியானம் திரும்பி வருகிறேன், ஊரே மஞ்சக்குப்பம் மைதானத்துக்கு நிவாரணச் சாமான் வாங்கப் போயிருக்கிறது, கூடாரத்துக்குள் அவர்கள் மீன் ஒரு ஈ மொய்க்காமல் தகதகவென்று காய்கிறது. என் கூடையில் மீன் வெட்டுகிற கத்தி இருந்தது. எனக்கு என்ன வந்தது என்று தெரியவில்லை பாப்பா, ஆத்திரம், அவ்வளவுதான், வேறு நல்ல பேர் ஒன்றும் அதற்கு வைக்க மாட்டேன். நாலு பக்கமும் இழுத்துக் கிழித்தேன். வீட்டுக்கு வந்து குளித்து உனக்கு ரசம் வைத்துக் கொடுத்தேன். சாயங்காலம் மழை கொட்டியது.

யாரும் யாரையும் கேட்கவில்லை. நேராகத் தாண்டவராயனைக் கூப்பிட்டார்கள். அவர் இல்லை இல்லை என்று அம்மன்மேல் அடித்துச் சத்தியம் செய்தார், கத்தியவர் அவர்தானே, யார் நம்புவார்கள். தண்டம் போட்டு, அவரோடு யாரும் கடலுக்குப் போகக்கூடாது, அவர் வீட்டுக்கு யாரும் தீ தண்ணீர் கொடுக்கக்கூடாது என்று ஊர்க் கட்டுப்பாடு வைத்தார்கள். நான் கூட்டத்தில் பெண்கள் பக்கம் நின்றிருந்தேன். இரண்டு வருஷம் இருந்து பார்த்துவிட்டு, அவரும் அவர் பெண்டாட்டி அமிர்தமும் முதுநகருக்குப் போய்விட்டார்கள். அங்கே துறைமுகத்தில் ஐஸ் உடைக்கிற வேலைக்குச் சேர்ந்தார், இன்றைக்கும் அதுதான் வேலை. இத்தனை வருஷமாக என் மீனுக்கு அவர்தான் ஐஸ் போடுகிறார். வெயிலு ஜாஸ்தி தங்கச்சி, சிதம்பரம் போறவரைக்கும் தாங்கணும்ல என்று இரண்டு அள்ளு கூடுதலாகப் போடுவார். நானும் சரிண்ணே என்று வாங்கிக்கொண்டு பஸ் ஏறுவேன். எப்படித்தான் ஏறினேனோ.

கத்துகிறவன் கத்தித் தீர்த்துவிடுவான் திலகா. வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறவள் கையைப் பார். அங்கேயும் கிழித்தது ஒரு பெண்ணாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், எனக்குத் தெரியாது, உனக்கும் தெரியாது. தெரியாத ஒன்றுக்கு நீ கையெழுத்துப் போடப் போகிறாய். இதுவரைக்கும் எழுதியதை இப்போது அனுப்பவில்லை. நாளைக் காலையில் துறைமுகத்துக்குப் போய் அந்த மனுஷனிடம் முதலில் சொல்லிவிட்டு அனுப்புகிறேன், அவருக்குச் சொல்லாமல் உனக்குப் புத்தி சொல்ல எனக்கு என்ன யோக்கியதை.

சனிக்கிழமை, காலை பதினொரு மணி.

போய்விட்டு வந்துவிட்டேன். சிதம்பரம் போகவில்லை, மீனை அங்கேயே இன்னொருத்தியிடம் கொடுத்துவிட்டேன். ஏலம் முடிந்து கூட்டம் கலைகிற நேரம் பார்த்து, அண்ணே, அந்தக் கூடாரத்தை நான்தாண்ணே கிழிச்சேன் என்று சொல்லிவிட்டேன். அவருக்கு முதலில் விளங்கவில்லை, எந்தக் கூடாரம் என்றார். பிறகு விளங்கியது. கையில் இருந்த சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டு, ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார். அடிப்பார் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். குனிந்து ஐஸைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அமிர்தம் ஆஸ்பத்திரில கடைசியா என்கிட்ட என்ன கேட்டா தெரியுமா, இப்பவாச்சும் உண்மைய சொல்லுய்யா, நீதான கிழிச்சன்னு கேட்டா, இல்லடின்னேன், மூஞ்சிய திருப்பிக்கினா, மறுநா போயிட்டா என்றார்.

திலகா, அந்த அமிர்தம் சாவுக்கு நான் போயிருந்தேன். எல்லோருக்கும் முன்னால் மாரடித்துக்கொண்டு அழுதேன், மஞ்சள் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். புருஷனைப் பொய்யனாகவே நினைத்துக்கொண்டு கிடந்தவள் கால்மாட்டில் நான் உட்கார்ந்திருந்தேன், எனக்குத் தெரியாது. ஊர் தள்ளி வைத்தால் வேறு ஊர் போகலாம், அவர் போனார். பெண்டாட்டி மனசில் தள்ளி வைத்துவிட்டால் மனுஷன் எங்கே போவான்?

நாளை ஞாயிற்றுக்கிழமை ஊர்க் கூட்டம். எல்லோர் முன்னாலும் நின்று சொல்லப் போகிறேன். தண்டம் போடட்டும், என்னை விலக்கி வைக்கட்டும். வீட்டுக்கு வந்ததும் சுரேந்தரிடம் சொன்னேன். அவனுக்குத்தான் ஆத்திரம் தாங்கவில்லை. இத்தினி வருஷம் வாய மூடிக்கினு இருந்தவ, எம்புள்ள பொறக்குற நேரத்திலதான் தொறக்கணுமா, படகுல ஏத்த மாட்டாங்கன்னா நான் செம்மங்குப்பத்துல கம்பெனி வேலைக்குப் போறேன் போ என்று சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனான், இன்னும் வரவில்லை. அவன் கேட்டது நியாயம்தான். உன் தம்பி பெண்டாட்டி மட்டும் என் தட்டில் சோற்றைப் போட்டு வைத்தாள்.

உன் கஷ்டமும் எனக்குத் தெரியும். நீ கையெழுத்துப் போடாவிட்டால் மணிலாக்காரர்கள் மூடிவிடுவார்கள், இருபத்திரண்டு பெண்கள் பிழைப்பு போகும், உன் பதினோரு மாசமும் போகும். ஆள் யார் என்று தெரியாது, எனக்கு ஒரு மாசம் கொடுங்கள் என்று உன் பெரியவரிடம் கேட்டுப் பார், கொடுத்தால் கொடுக்கட்டும், இல்லை என்றால் வேலையை விட்டுவிட்டு வா, இங்கே ஒரு வாய்ச் சோறு இல்லாமல் போகாது. ஒரு மாசம் கிடைத்தால் சந்தை முடிந்து பெண்கள் திரும்புகிற ஜீப் எப்போது வரும் என்று கேட்டு, அந்த நேரத்துக்குப் போய் நில். யார் கிழித்தீர்கள் என்று கேட்காதே. யார் பேர் விட்டுப்போனது என்று மட்டும் கேள், எழுதிக்கொள், அவர்களோடு உட்கார்ந்து மீனைக் கழுவு. எனக்கு அன்றைக்கு ஒருத்தி அப்படிக் கேட்டிருந்தால், அந்த அண்ணன் வீடு இன்றைக்கும் நம் தெருவில் இருந்திருக்கும்.

நீ என்னைத் திட்டலாம், வெறுக்கலாம், ஒரு மாசம் பேசாமல் இருக்கலாம், நான் ஏன் என்று கேட்க மாட்டேன். நாளைக்கு ஊருக்குச் சொல்லிவிடுவேன். ஆனால் அமிர்தத்துக்கு யார் போய்ச் சொல்வது? அந்த ஒன்றுக்கு எனக்கு வழியே இல்லை பாப்பா. உனக்கு இன்னும் வழி இருக்கிறது, அவன் பெண்டாட்டி உயிரோடு இருக்கிறாள், திங்கட்கிழமை இன்னும் வரவில்லை.

நீ எடுத்த காரியம் எல்லாம் கைகூடி, நாலு பேர் வாயார வாழ்த்த, நோய்நொடி இல்லாமல் நீ நூறு வருஷம் இருக்க வேண்டும். மழையில் நனைந்த தலையோடு தூங்காதே, மாத்திரையை வெறும் வயிற்றில் போடாதே. எங்களைவிட உனக்கு இரண்டரை மணி நேரம் முன்னாடியே விடிந்துவிடும், நான் எழுந்திருப்பதற்குள் நீ அந்தப் போலீஸ் மேஜை முன்னால் போய் உட்கார்ந்திருப்பாய். அதனால் ஞாயிற்றுக்கிழமை பொழுது சாய்வதற்குள் போடல என்று ஒரே ஒரு வார்த்தை அனுப்பு. வேறு எதுவும் எழுத வேண்டாம், என்னை மன்னித்ததாகவும் எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
உன் அம்மா
ராணியம்மாள்