அப்பாவின் கையில் உன் கன்ட்ரோலர்

என் உயிர்த் தம்பி கதிருக்கு,

உன் கைகளுக்கு இப்போது வலி இருக்காது என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். நானும் அப்பாவும் அதே செமோர் வீட்டில்தான் இருக்கிறோம். நீ போன பிறகு ஒரு தீபாவளி வந்து போய்விட்டது. நன்றாக இருக்கிறோம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத வரவில்லை.

அப்பாவைப் பற்றி உன்னிடம் சொல்ல வேண்டும். உன்னை விட்டால் இதை யாரிடம் சொல்வேன்? உன் இணையப் பக்கத்தில் போடுவதால் உன் நண்பர்கள் சிலரும் இதைப் படிப்பார்கள். படிக்கட்டும்.

அப்பா உன் கேம் பெட்டியில் விளையாடுகிறார். நீ நம்ப மாட்டாய் என்று தெரியும். நாம் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் இருந்த காலத்தில், ரப்பர் பால் லாரி ஓட்டிவிட்டு வந்த களைப்பில் உன் ஆட்டத்தின் சத்தம் கேட்டால் நேராகப் போய் பிளக்கைப் பிடுங்குவாரே, அதே அப்பாதான். இப்போது காலையில் தேத்தண்ணீர் குடித்த கையோடு உன் கட்டில் ஓரத்தில் உட்காருகிறார். நான் ஈப்போவில் வேலை முடித்துத் திரும்பும்போதும் அங்கேயே இருக்கிறார். மூடி வைத்த சோறு மூடியபடி இருக்கிறது.

ஆடுவது உன் விமான ஆட்டம்தான். கடலுக்கு மேலே ஒற்றை விமானம் பறந்து எதிரிகளைச் சுடுமே, அது. பழைய பெட்டி கூரை ஒழுகிக் கெட்டுப்போன பிறகும் அந்தக் குறுந்தட்டை மட்டும் நீ துணியில் சுற்றிப் பத்திரமாக வைத்திருந்தாய். உனக்குத் தசைகள் வலுவிழக்கும் நோய் என்று டாக்டர் சொன்ன வாரம்தான் புதிய பெட்டியை வாங்கி வந்தாய். புதிய ஆட்டங்களுக்காக இருக்கும் என்று நினைத்தேன்.

“இல்லக்கா. இதுல ஆட்டம் எழுதுறவங்களுக்காகத் தனியா ஒரு வழி வச்சிருக்காங்க. டெவலப்பர் மோட்னு பேரு. அதுல நொழஞ்சிட்டா நமக்கு வேண்டியத நாமளே போட்டுக்கலாம். பழைய பெட்டி மாதிரியே நடிக்கிற எமுலேட்டரைப் போட்டு என் ஆட்டத்த ஓட்டப் போறேன்.”

“அதுக்கு ஏன் இவ்ளோ சுசா, இவ்ளோ கஷ்டம்? வேற ஆட்டம் ஆடேன்.”

“புது ஆட்டமெல்லாம் என் கைக்கு ஓடாதுக்கா. இதுல வேகத்தக் கொறைக்கலாம். எந்தப் பொத்தானை எங்க வேணும்னாலும் மாத்தி வச்சிக்கலாம். என் கை போற போக்குக்கு ஆட்டம் வரும்.”

அப்படித்தான் வந்தது. உன் விரல்கள் ஒவ்வொன்றாக அடங்கியபோது பொத்தான்களும் ஒவ்வொன்றாக இடம் மாறின. தட்டச்சு செய்ய முடியாமல் போனதும், நீ சொல்லச் சொல்ல நான் தட்டினேன். ஒன்றும் புரியாமலே எல்லாம் கற்றுக்கொண்டேன்.

நீ போன பிறகு அந்தப் பெட்டியை அணைத்து மூடி வைக்கத்தான் நினைத்தேன். ஒருநாள் வேலை முடித்து வந்தால் அப்பா அதன் முன்னால் இருந்தார். எப்படிப் போட்டார் என்று தெரியவில்லை. நீ கடைசியாகச் சேமித்து வைத்த இடத்திலிருந்து தொடங்கலாம் என்று காட்டினேன். “அது அவன் எடம், தொடாதே” என்றார். முதலிலிருந்து ஆடினார். முதல் கட்டத்திலேயே விழுந்தார். மறுபடி ஆடினார். நாள் முழுக்க இதுதான்.

முதலில் எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது. ஏதோ ஒன்றைப் பிடித்துக்கொண்டு இருக்கிறாரே என்று விட்டுவிட்டேன். பிறகு அவர் திரைக்கு இன்னும் இன்னும் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட ஆரம்பித்தார். சட்டையில் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்தார். ரத்தத்தில் ஏறிய சர்க்கரை, அந்த இனிப்புநீர், கண்ணுக்குப் போய்விட்டது, கதிர். கண்ணுக்குள் ஊசி போட்டால் இருக்கிற பார்வையையாவது காப்பாற்றலாம், தள்ளிப்போடாதீர்கள் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அப்பா இரண்டு முறை போகாமல் இருந்துவிட்டார்.

“ஊசி போட்டா எத்தன நாளு டிவி பாக்கக்கூடாது?” என்று மட்டும் கேட்டார்.

“கொஞ்ச நாளு கண்ணுக்கு ஓய்வு குடுக்கணும்னாங்க. அவ்வளவுதான்ப்பா.”

“அப்ப முடிச்சிட்டு வாரேன்.”

“எத முடிச்சிட்டு?”

தாடையால் திரையைக் காட்டினார்.

“கண்ணு போனா எப்படிப்பா முடிப்பீங்க?”

“போறதுக்குள்ள முடிக்கணும்லா. அதத்தான் சொல்றேன்.”

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. உன்னைக் கொடுத்தாகிவிட்டது. இருக்கிற ஒருவரும் என் கண் முன்னாலேயே குருடாகப் போகிறார், அதற்கு ஒரு விளையாட்டு காரணம். அவர் கையிலிருந்த கன்ட்ரோலரை வாங்கினேன். டெவலப்பர் மோடிலிருந்து வெளியேறும் இடத்துக்குப் போனேன். உள்ளே போட்டு வைத்ததையெல்லாம் அழித்துவிடவா என்று பெட்டி கேட்டது. என் கை அப்படியே நின்றது.

“என்னா கேக்குது அது?” என்றார் அப்பா. அவரால் எழுத்தைப் படிக்க முடியவில்லை.

“அழிக்கவா வேணாமான்னு கேக்குது.”

அவர் சாரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“வேணாம்னு போட்டுட்டேன்ப்பா. எல்லாம் உள்ளேயே இருக்கும். நீங்க ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வாங்க. வந்ததும் மாத்தித் தாரேன்.”

திரை மாறி, புதிய ஆட்டங்களின் விளம்பரங்கள் பளபளவென்று வந்தன. அப்பா கொஞ்ச நேரம் அவற்றைப் பார்த்தார். பிறகு போய் முகம் கழுவிக்கொண்டு, “எப்பப் போவணும்?” என்றார். நான் ஜெயித்துவிட்டேன். ஆனால் அன்றைக்கு எனக்கும் சோறு இறங்கவில்லை.

ஊசி போட்டுக்கொண்டபோது அவர் சத்தமே போடவில்லையாம். நர்ஸ் சொன்னார். ஒரு கண்ணை மூடிக் கட்டியிருந்தார்கள். இன்னொன்றில் விட்ட மருந்தால் எல்லாம் மங்கலாகத் தெரிகிறது என்றார். காரில் முன் இருக்கையில் உட்கார வைத்து பெல்ட்டைப் போட்டுவிட்டேன். ஈப்போவைத் தாண்டி சுண்ணாம்பு மலைகள் வந்தபோது அவராகவே பேச ஆரம்பித்தார். என் முகம் தெரியாததால்தான் பேசினாரோ என்னவோ.

“உனக்குத் தெரியாது மாலா. நீ வேலைக்குப் போயிட்ட பெறகு அவன் என்னையும் ஆட வைப்பான்.”

“யாரு, கதிரா?”

“ஆமா. அவனுக்கு எடக் கை மட்டுந்தான் கொஞ்சம் ஓடிச்சி. அதுல ஏரோப்பிளேனத் திருப்புவான். சுடுற பொத்தானை என் கையில குடுத்துட்டான். ரெண்டு கன்ட்ரோலரும் சேர்ந்து ஒரே ஆளா ஆடுற மாதிரி என்னமோ செஞ்சி வச்சிருந்தான். அடிங்கப்பான்னு சொல்லுவான், நான் அமுக்குவேன்.”

நான் காரை மெதுவாக்கினேன். நீ என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே, கதிர். உங்கள் இருவருக்குள் மட்டும் இருக்கட்டும் என்று நினைத்தாயா?

“கடைசியா ஒரு பெரிய கப்பல் வரும். அது வரைக்கும் போயிட்டோம். அடிங்கப்பான்னான். எனக்குக் கண்ணு சரியாத் தெரியல. லேட்டா அமுக்கிட்டேன். ஏரோப்பிளேன் வெடிச்சிருச்சி.”

“அவன் என்னா சொன்னான்?”

“சிரிச்சான். பரவால்லப்பா, நாளைக்குன்னான்.”

அடுத்த நாள் காலையில்தான் உனக்கு மூச்சுத் திணறி ஆம்புலன்ஸ் வந்தது. அதற்குப் பிறகு நீ வீட்டுக்கு வரவே இல்லை.

“நாளைக்குன்னுட்டுப் போயிட்டான்லா,” என்றார் அப்பா. “அத நான் செஞ்சிரணும். வேற என்னா கேட்டான் அவன் எங்கிட்ட?”

காரை ஓரமாக நிறுத்தினேன். அதற்குப் பதில் உனக்குத் தெரியுமா? உன் சாவுக்கும் அவர் விரலுக்கும் சம்பந்தமில்லை என்று சொல்லலாம். அவருக்கும் அது தெரியும். தெரிந்த பிறகும் ஒருவர் நாள் முழுக்க உட்கார்ந்து சுடுகிறார் என்றால் அவரிடம் என்ன சொல்ல?

கண்ணுக்கு ஓய்வு முடிந்த சனிக்கிழமை மத்தியானம், சொன்ன சொல்படி பெட்டியை மாற்ற உட்கார்ந்தேன். அப்பா பக்கத்தில் நாற்காலி போட்டிருந்தார். பெட்டி மாறவில்லை. டெவலப்பர் மோடுக்கான அனுமதி காலாவதியாகிவிட்டது, கணக்குக்காரர் மறுபடியும் உறுதிசெய்ய வேண்டும் என்று வந்தது. கணக்குக்காரர் நீ.

அவரை ஊசிக்குக் கூட்டிப்போகத்தான் இதைச் செய்தேன். திறக்காமலே போனால் இந்த வீட்டில் அவர் முகத்தை எப்படிப் பார்ப்பேன்? உன் கடவுச்சொல் என் விரல்களுக்கே தெரியும். கணினியில் அதைத் தட்டினேன். ஏற்றுக்கொண்டது. ஆனால் உன் கைப்பேசிக்கு ஒரு குறியெண் அனுப்பியிருப்பதாகச் சொல்லி, அதைப் போடச் சொன்னது.

“என்னா மா?” என்றார்.

மறைக்க முடியவில்லை. “அவன் போனுக்கு ஒரு நம்பர் அனுப்பியிருக்காங்களாம்ப்பா. அது இல்லாம தொறக்காது. அந்த லைன் இந்நேரம் செத்திருக்கும். நான் வேற வழி பாக்குறேன்.”

அப்பா எழுந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு தன் அறைக்குப் போய், தலையணைக்கு அடியிலிருந்து உன் கைப்பேசியை எடுத்து வந்தார். அதன் திரை எரிந்துகொண்டிருந்தது. சார்ஜ் நிறைந்திருந்தது.

“தெருமுனை மாமாக் கடையில அவன் நம்பருக்கு ரீலோட் காசு போட்டுக்கிட்டுதான் இருக்கேன்,” என்றார். “சார்ஜ் எறங்கிட்டா கத்துவான்லா.”

அவர் கையில் அது இருக்கும்போதே குறியெண் வந்து விழுந்தது. டிங் என்ற உன் ஒலி. அப்பா அதை என்னிடம் நீட்டினார். நான் எண்களைத் தட்டினேன். பெட்டி அணைந்து, எரிந்து, நீ விட்டுப்போன கறுப்புத் திரைக்கு வந்தது. எல்லாம் இருந்தது.

வழக்கம்போல முதலிலிருந்து தொடங்கப் போனேன். அவர் என் கையைப் பிடித்தார்.

“அவன் விட்ட எடத்துலேருந்து போடு. நீ ஓட்டு. நான் அடிக்கிறேன்.”

“எனக்கு ஓட்டத் தெரியாதுப்பா.”

“எனக்கு மட்டும் தெரிஞ்சிதான் அவன் கூப்பிட்டானா?”

நீ விட்ட இடத்திலிருந்து தொடங்கியதும் அந்தப் பெரிய கப்பல் எழும்பி வந்தது. நான் “அடிங்கப்பா” என்றேன். உன் சொல் என் வாயில் வந்தது. அப்பா சரியான நேரத்தில் அமுக்கினார், கதிர். இதை நீ அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். தாமதிக்கவில்லை. திரும்பத் திரும்பச் சரியாக அமுக்கினார். விமானத்தைத் தப்பான பக்கம் திருப்பி மோதியது நான்தான்.

திரை வெளுத்து அடங்கியது. நான் பயந்துபோய் அவரைப் பார்த்தேன். அப்பா கட்டுப் பிரித்த கண்ணைத் துடைத்துக்கொண்டு, “உனக்கு அவன் அளவுக்குக் கை வராது,” என்றார். அவர் வாய் ஓரத்தில் ஏதோ அசைந்தது. சிரிப்பு என்று சொல்லிவிட எனக்குத் தைரியம் இல்லை. நீ சேமித்த இடம் அப்படியே இருக்கிறது, எத்தனை முறை விழுந்தாலும் அது கெடாது என்று சொன்னேன். தலையாட்டினார். “போதும், சோத்தப் போடு,” என்றார். இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். ஆகவில்லை. முதல் ஊசியால் எவ்வளவு பார்வை திரும்பும் என்று டாக்டர் இன்னும் உறுதியாகச் சொல்லவில்லை. அடுத்த கண்ணுக்கும் போட வேண்டும். பகலில் நான் இல்லாதபோது அப்பா இப்போதும் தனியாக உட்காருகிறார் என்று நினைக்கிறேன். கேட்டால் இல்லை என்கிறார். நேற்று, “இது எத்தன நாளைக்குத் தொறந்திருக்கும்?” என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். மறுபடி எப்போது உறுதிசெய்யச் சொல்வார்களோ, ஒருநாள் அந்த வழியையே மூடிவிடுவார்களோ, யாருக்குத் தெரியும்? அந்த ஆட்டம் முடிந்துவிட்டால் அவருக்கு என்ன ஆகும் என்றும் பயமாக இருக்கிறது. முடியாமலே போய்விடுமோ என்றும் பயமாக இருக்கிறது. நீ இருந்தால் எதற்குப் பயப்படச் சொல்வாய்?

ஒன்று மட்டும் உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். இனி உன் பெட்டியைக் காட்டி அவரை எதற்கும் மிரட்ட மாட்டேன். அடுத்த ஊசிக்கு நான் லீவு போட்டு, கையைப் பிடித்துக் கூட்டிப்போவேன். அந்த வழி மூடிப்போகும் நாள் வந்தால் மறைக்காமல் அன்றைக்கே அவரிடம் சொல்லி, அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன்.

அதுவரை சனிக்கிழமை மத்தியானங்களில் ஓட்டப் பழகிக்கொண்டிருக்கும்,
உன் அக்கா மாலா