படுத்த அளவு

எதிர் மரத்தடியில் இஸ்திரி வண்டிக்காரன் ஈரத் துணிமேல் கரிப்பெட்டியை வைத்தான். ஜன்னல் வழியாக அந்த ஆவி வாசனை வந்ததும் உங்கள் தையல் கடை நினைவுக்கு வந்தது, பாய். வராமல் இருந்திருக்கலாம். ஆறு வருடமாக உங்கள்மேல் கோபமாக இருப்பவன் நான். நீங்கள் இறந்ததால் அது குறைந்துவிடவில்லை.

அறுபத்தெட்டாம் வருடமோ அறுபத்தொன்பதோ. ஆஸ்பத்திரியில், கைகால் பயிற்சி அறைக்கு வெளியே ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். உங்கள் மடியில் உங்கள் மகன், என் மடியில் என் சின்ன மகள். இருவருக்கும் விறைத்த கைகால், நிற்காத கழுத்து. அவளுடைய கவுன் தோளில் கிழிந்திருந்ததைப் பார்த்தீர்கள்.

"தலை வழியா மாட்னியா வாத்யாரே? இதுங்களுக்கு முன்னால தொறக்கிற மாதிரி தெக்கணும். நின்ன அளவு வேற, படுத்த அளவு வேற."

நான் கல்லூரி ஆசிரியன் என்று உங்களுக்கு அப்போது தெரியாது. எல்லோரையும் நீங்கள் அப்படித்தான் கூப்பிடுவீர்கள். அவளைப் பெஞ்சிலேயே கிடத்தி, மடங்கிய முழங்கையை மடங்கியபடியே அளந்தீர்கள். அதுவரை அவளைத் தொட்டவர்கள் எல்லோரும் நிமிர்த்தத்தான் பார்த்தார்கள்.

பிறகு ஞாயிற்றுக்கிழமைகள். பாண்டி பஜார் சந்தில், மூடிய கடைக்குள், உங்களைத் தவிர ஐந்து வீட்டுக்காரர்கள் கூடினோம். துணி வெட்டும் மேஜைமேல் பிள்ளைகளை வரிசையாகப் படுக்க வைப்போம். "ஆத்துல அழுதா மாமியார் காதுல விழறது, இங்க அழுதுண்டு போறேன்" என்பார் மயிலாப்பூர் மாமி. உங்கள் கடையில் ஒரே ஒரு சட்டம்: 'பாவம்' என்ற சொல்லை யார் சொன்னாலும் தெருக்குழாயில் ஒரு குடம் தண்ணீர் பிடித்து வர வேண்டும். முதலில் மாட்டியவன் நான். குடத்தோடு திரும்பி வந்தபோது, எங்களில் ஒருத்தி, மாம்பலம் ஸ்டேஷனில் பூ விற்கும் சரோஜா, "படிச்சவரு தண்ணி தூக்கினு வராரு, பாவம்" என்றாள். "அடுத்த கொடம் உன்னுதும்மா!" என்று கத்தினீர்கள். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அன்றைக்குத்தான் நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

அந்த மேஜையைச் சுற்றி யாரும் எதையும் மறைத்ததில்லை, என்னைத் தவிர. பெரியவளுக்கு வரன் பார்த்தபோது தரகரிடம் 'ஒரே பெண்' என்று சொல்லியிருந்தேன். பெண் பார்க்க வந்த ஞாயிறு, சின்னவளைப் பின்னறையில் படுக்க வைத்துப் பூட்டினேன். உங்களிடம், வீட்டில் விசேஷம், அந்த வாரம் வர முடியாது என்று மட்டும்தான் சொல்லியிருந்தேன்.

நீங்கள் வந்தீர்கள். மாப்பிள்ளை வீட்டார் நடுக்கூடத்தில் இருக்கும்போதே, செருப்பைக் கழற்றிவிட்டு, பொட்டலத்தோடு.

"விசேஷம்னியே வாத்யாரே! சின்ன பாப்பாக்கு புதுத் துணி வாணாமா? எங்க அவ?"

"சின்ன பாப்பாவா?" என்றாள் மாப்பிள்ளையின் தாய்.

உங்கள் குரல் கேட்டால் சின்னவள் கூவுவாள். அன்றும் பூட்டிய கதவுக்குப் பின்னாலிருந்து சந்தோஷமாகக் கூவினாள். அவர்கள் காபியைத் தொடாமல் எழுந்து போனார்கள்.

வாசலில் நின்று உங்களைத் திட்டினேன். படித்தவன் சொல்லக்கூடாத சொற்களையெல்லாம் சொன்னேன். அதன்பின் நான் கடைப்பக்கம் வரவில்லை. பெரியவளை வேறிடத்தில் கட்டிக்கொடுத்தோம், அதே பொய்யைச் சொல்லித்தான். இப்போது அவள் கணவனை அழைத்துக்கொண்டு இங்கே வர முடியாது. எப்போதாவது தனியாக வந்து, சீக்கிரம் கிளம்பிவிடுகிறாள். மனைவிக்கு முதுகு போய்விட்டது. பதினெட்டு வயதுப் பெண்ணைத் தூக்கிக் குளிப்பாட்டுவது நான்தான். இந்த வீட்டைவிட்டு நாங்கள் மூவரும் சேர்ந்து வெளியே போய் வருடங்களாகின்றன.

போன மாதம் ஸ்டேஷன் படிக்கட்டில் சரோஜா கையைப் பிடித்து நிறுத்தினாள். "பாய் பூட்டாரு சார், நெஞ்சு வலி. ஒரே நாளு."

"பையன்?" என்றேன்.

"அவனுக்கு இன்னா? நாலு வூடு கீது. ஞாயித்துக்கெளமன்னா இன்னும் கடையிலதான் கூடறோம். மொற வெச்சி பாத்துக்கினு கீறோம். உன் பொண்ணுக்கும் ஒரு மொற இருந்திருக்கும். நீதான் வரலியே."

நான் ரயிலைத் தவறவிட்டேன்.

சம்பந்தம் முறிந்ததற்காக நான் உங்களை வெறுக்கவில்லை, பாய். திட்டெல்லாம் கேட்டு முடித்து, செருப்பை மாட்டிக்கொண்டே மெதுவாக ஒன்று கேட்டீர்களே, அதற்காகத்தான்.

"உனக்கப்புறம் இந்தக் கதவ யாரு தொறப்பாங்க வாத்யாரே?"

தினமும் அவள் உடம்பைத் துடைக்கும்போது அது காதில் விழுகிறது. பதில் சொல்லக்கூடிய நாலு வீட்டார் இன்றும் ஞாயிறு காலை உங்கள் கடையில் கூடுகிறார்கள். இங்கிருந்து தி. நகருக்கு ஒரே பஸ்ஸில் போய்விடலாம். எந்த முகத்தோடு நான் அந்தப் படி ஏறுவது?